லிமிடெட் எடிஷன் செல்: கேமராவையே பார்க்காத ரோபோ

'செல்' என்றதும் பாக்கெட்டில் கை விட வேண்டாம். இது கைபேசி அல்ல, கார்ட்டூன் செல். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கண்ணாடி போன்ற தாளில் முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயிண்ட் என்று தயாரித்து, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். 1963-ல் வந்த ஆஸ்ட்ரோ பாய், 1972-ன் மாஸிங்கர் இஸட், 1979-ன் கண்டம் (ஜோசியர் சொல்கிற கண்டம் இல்லை, ரோபோ!), 1984-ன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான்.

நொடிக்கு 24 பிரேம். செலவைக் குறைக்க ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு வைத்து ஓட்டினாலும், ஒரு எபிசோடுக்கு ஆயிரக்கணக்கில் செல்கள் வேண்டும். படம் பிடித்து முடிந்ததும் அவை வெறும் கழிவு. குப்பைக்குப் போனது போக மிச்சம் இருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

லிமிடெட் எடிஷன் கதை வேறு. விற்பதற்கென்றே பின்னாளில் செய்தது. ஹீரோ ரோபோ கம்பீரமாக நிற்கும், மூலையில் 127/500 என்று ஒரு எண், கூடவே ஒரு சர்டிஃபிகேட். 'செரிசெல்' என்று வருவதில் கைவேலைகூடக் கிடையாது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான்.

சரி, அந்த 500-ஐ யார் முடிவு செய்தது? விற்கிறவர்தானே! அடுத்த வருடம் அதே ரோபோ வேறு போஸில் நின்றால் இன்னொரு 500. சப்ளையின் குழாய் விற்பவர் கையிலேயே இருக்கும்போது அதை 'முதலீடு' என்று விற்பது கொஞ்சம் ஓவர். படப்பிடிப்பில் பயன்பட்ட அசல் செல்லுக்கு அந்தக் குழாய் எப்போதோ மூடிவிட்டது. (அசலை வாங்கினால் பாதிக் கையும் மூடிய கண்ணும் கிடைக்கலாம், அது வாங்கியவர் தலையெழுத்து.) சுவரில் மாட்டி ரசிக்க மட்டும் என்றால் லிமிடெட் எடிஷன் தாராளமாக வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் வெயில் படாத சுவராக இருக்கட்டும். அசிடேட் தாள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், சர்டிஃபிகேட் அதைத் தடுக்காது.

இன்னொரு உறுத்தல். லிமிடெட் எடிஷன் சிலவற்றில் வடிவமைத்தவரோ குரல் கொடுத்தவரோ கையெழுத்துப் போட்டிருப்பார். ஜப்பானில் குனிந்து உட்கார்ந்து பெயிண்ட் அடித்த பெண்கள், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எபிசோடுகள் பலவற்றைச் செய்து கொடுத்த தென்கொரிய ஸ்டூடியோ ஊழியர்கள்... அவர்கள் பெயர் அதில் இருக்காது. அசல் செல்லிலும் இல்லைதான். ஆனால் அதன் ஓரத்தில் 'ஏ 7' என்று யாரோ ஒருவர் அவசரத்தில் கிறுக்கிய எண் இன்னும் இருக்கிறது.