மண்ணும் விண்ணும் கற்பிப்பது மட்டமான உத்தியோகமா?

மங்களூர் என்றால் மேற்குக் கடற்கரைப் பட்டணம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் சொல்லுவது விருத்தாசலத்திற்கு அப்பால், கடலூர் ஜில்லாவின் மேற்குக் கோடியில், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்ற மங்களூரேயாகும். அந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் நம் தோழர்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பையன் பூமியைப் பற்றியும் கிரகங்களைப் பற்றியும் படித்துக் காலேஜில் வாத்தியாராகப் போகிறேன் என்கிறான். மண்ணையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு என்ன மரியாதை, என்ன வரும்படி?" என்பதே அது.

இப்படிக் கேட்பவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். மண்ணையும் நட்சத்திரத்தையும் பற்றிப் பேசுகிறவனுக்கு நீங்கள் காசு கொடுப்பதே இல்லையா? நீரோட்டம் பார்க்கிறேன் என்று வேப்பங்குச்சியும் தேங்காயும் தூக்கி வருகிறவனுக்குத் தட்சணை கொடுக்கிறீர்கள். அவன் காட்டிய இடத்தில் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறீர்கள். புழுதி பறந்தால் "உங்கள் ஜாதகத்தில் நேரம் சரியில்லை" என்று இன்னொருவன் வந்து அதற்கும் ஒரு தட்சணை வாங்கிப் போகிறான். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொன்னவனுக்கு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கிறீர்கள். நம்மவர்கள் அனுப்பிய மங்கள்யான் 2014-இல் அந்தச் செவ்வாயையே சுற்றி வந்து படம் பிடித்தது. துருப்பிடித்த தூசியும் பள்ளமும் மலையும் தெரிந்தனவேயொழிய, எந்தப் பெண்ணின் கலியாணத்தையும் தடுக்கும் தோஷம் ஒன்றும் அதில் அகப்படவில்லை.

ஆகவே, மண்ணும் விண்ணும் வரும்படியில்லாத சரக்கு என்பது பொய். தெரியாமல் பேசுகிறவனுக்கு வரும்படியும், தெரிந்து பேசுகிறவனுக்கு ஏளனமும் என்று நாம் ஏற்படுத்தி வைத்திருக்கிறோம் என்பதே நிஜம்.

கெட்டிப் பாறையுள்ள நிலத்தில் தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும், மேலே உளுத்துப் போன பகுதியிலும்தான் தங்கும். நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி, எந்த ஆழத்தில் எவ்வளவு தடை என்று அளந்து, இன்ன இடத்தில் இருக்கக் கூடும் என்று சொல்ல நிலவியல் படித்தவனுக்கு வழி தெரியும். அவன் சொல்வதும் சில சமயம் தவறலாம். தவறினால் ஏன் தவறிற்று என்று கணக்கைப் பார்ப்பானேயொழிய, உங்கள் பூர்வ ஜன்ம வினை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டான்.

விருத்தாசலத்திற்கு முதுகுன்றம், பழமலை என்று பெயர். பரமசிவனே எல்லா மலைகளுக்கும் முன் இங்கே மலையாய் நின்றான் என்று புராணம் எழுதி வைத்தார்கள். அந்த "முன்" என்பது எத்தனை ஆண்டு என்று கல்லையே கேட்டுச் சொன்ன புராணிகன் எவனாவது உண்டா? கல்லைக் கேட்டவர்கள் வேறு. மங்களூருக்கு அடுத்த பெரம்பலூர்ப் பக்கத்தில் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் 18 மீட்டர் நீளமுள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியது. 1940-இல் அதை உலகுக்குக் காட்டியவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். 1943-இல் அவர் எழுதிய இந்திய நிலவியல் புத்தகம் தலைமுறை தலைமுறையாகக் காலேஜ்களில் பாடமாக இருந்தது. 1951-இல் அவரே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானார். இந்தப் பக்கம் நெய்வேலியில் 1930-களில் கிணறு வெட்டும்போது கறுப்பாய் வந்ததை நிலக்கரி என்று கண்டு சொன்னதும், விருத்தாசலத்து மண்ணைப் பீங்கானாக்கிப் பலருக்கு வேலை கொடுத்ததும் மண்ணைப் படித்த படிப்பேயன்றி மந்திரமல்ல.

இன்னும் கேளுங்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். இறங்கும் கலத்தையும் அதன் வண்டியையும் பூமியில் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி வட்டாரத்துப் பாறையில் கிடைத்தது. அதைத் தேர்ந்து கொடுக்க உதவியவர்கள் யார்? சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் ஆசிரியர்கள்! கிராமத்துக் கல்லுக்கும் ஆகாயத்து நிலவுக்கும் பாலம் போட்டவன் காலேஜ் வாத்தியார்.

நிற்க, சர்க்கார் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோசியத்தைச் சர்வகலாசாலைப் பாடமாக வைக்க ஏற்பாடு செய்தது. அறிஞர் பார்கவா முதலியவர்கள் வழக்காடினார்கள். 2004-இல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. 2021-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோசியத்தில் எம்.ஏ. பட்டமே ஏற்படுத்திற்று. ஆனால் உண்மைச் சாஸ்திரம் கற்பிக்கிற இளைஞனுக்கோ "கௌரவ விரிவுரையாளர்" என்று பட்டம். பெயரில் மட்டும் கௌரவம்! அவருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று அதே மானியக் குழு 2019-இல் சொல்லிற்று. அதன் பிறகும் சில ஆண்டுகள் நம் அரசாங்கக் காலேஜ்களில் அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பரிகாரம் சொல்லுகிறவன் காரில் போகிறான். பாறையின் வயதைச் சொல்லுகிறவன் பஸ்ஸுக்குக் காசு எண்ணுகிறான் என்றால் இந்த நாடு உருப்படுமா?

"பூமியின் வயதை எங்கள் புராணம் அன்றே 432 கோடி என்று சொல்லிவிட்டதே" என்பார்கள். எதை அளந்து சொன்னார்கள்? 1956-இல் பாட்டர்சன் என்ற அமெரிக்கர் விண்கல்லிலுள்ள ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டு என்றார். இதில் 7 கோடி ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றும் தாமே சொன்னார். தன் கணக்கில் இவ்வளவு பிசகு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட புரோகிதன் ஒருவனையாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

"விஞ்ஞானிகளே திருப்பதிக்குப் போகிறார்களே" என்றும் கேட்பார்கள். 2019-இலும் போனார்கள். அந்த ஆண்டு சந்திரயான்-2-இன் இறங்கு கலம் நிலவில் விழுந்து நொறுங்கிற்று. பிறகு அவர்கள் பிழையைக் கண்டுபிடித்தது கணக்கிலேயேயொழிய உண்டியலில் அல்ல.

ஆகையால் மங்களூர்ப் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையை, தடுக்காதீர்கள். பள்ளியில் விஞ்ஞானம், பிறகு நிலவியலிலோ இயற்பியலிலோ பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., அதன் மேல் நெட் அல்லது செட் பரீட்சையோ டாக்டர் பட்டமோ என்று வழி நீளமானதுதான். நிரந்தர இடங்களும் கொஞ்சம்தான். கொஞ்சமாக இருப்பதற்குக் காரணம் அந்தப் படிப்பு மட்டமானதென்பதல்ல. நாம் கேட்காததே காரணம். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வேண்டுமென்று ஊர்கூடி மனுக்கொடுக்கிறோமே, அரசாங்கக் காலேஜில் நிலவியலும் வான சாஸ்திரமும் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் வேண்டுமென்று எந்த ஊராவது மனுக்கொடுத்ததுண்டா?

அந்த மனுவை மங்களூர் முதலில் எழுதட்டும். கிரகணத்திற்கு ராகுவும் கேதுவும் காரணமல்ல, நிழலே காரணம் என்று ஒரு வாத்தியார் ஆண்டுக்கு ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், பத்தாண்டில் ஐந்நூறு வீட்டில் ஜோசியனுக்கு வேலையில்லை. நூறு மேடை போட்டு நாம் செய்கிற வேலையை ஒரு கரும்பலகை செய்துவிடும். அந்தக் கரும்பலகைக்கு முன் நிற்கிறவனைப் பட்டினி போட்டுவிட்டுச் சுயமரியாதை பேசுவதில் பயனில்லை.