காணாது மறுத்தல்

சென்ற தவணையிலே பாலபண்டித வகுப்பிற் புறநானூறு பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருஞ்சித்திரனார் பாட்டு வந்தது. நெடுவழி கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடஞ் சென்றார் புலவர். அவனோ அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம் கல்வியின் அளவறிந்து தந்தால் அது சிறிதாயினும் இனிது என்பது அவர் கட்சி. ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, பரிசில் கிடைத்ததுதானே. முகத்தைப் பார்த்தால் என்ன, பாராவிட்டால் என்ன?"

வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். வழமையான விடையொன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. பிரான்சு தேசத்திலே நான் கண்ட ஒரு பாதையைப் பற்றிச் சொன்னேன். இலக்கணம் படிப்பிக்கிறவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்பாரும் உளர். இருக்கட்டும்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் பாரிஸ் நகருக்கு அண்மையில் வாழ்கிறார். அவர் அழைப்பின்பேரிற் சில வாரம் அங்குத் தங்கியிருந்தேன். ஒருநாள் இருவரும் ஒர்லியோன் என்னும் ஊருக்குப் புகையிரதத்திற் சென்றோம். வழியெங்கும் கோதுமை வயல். அவ்வயல்களுக்கிடையே, ஆளுயரத்துக்கு மிக மேலே, தூண்கள் தாங்க ஒரு கொங்கிறீற்றுப் பாதை எங்களோடு கூடவே ஓடிவந்தது. பாதையின் நடுவே ஒரு சுவர் நீளத்துக்கும் நிமிர்ந்து நின்றது. தலைகீழாய்க் கவிழ்த்த 'ரி' எழுத்தின் வடிவம்.

"அது என்ன தம்பி, பாலமா?"

"இல்லை ஐயா. றெயில் ஓடின பாதை. இப்போது ஒன்றும் ஓடுகிறதில்லை."

அன்று அவர் சொல்லத் தொடங்கிய கதையைப் பின்னர் நான் தேடிப் படித்து நிரப்பிக்கொண்டேன்.

ழான் பெர்த்தன் என்பவர் 1917இற் பிறந்த பிரெஞ்சுப் பொறியியலாளர். (ஈற்று மெய்யைப் பிரெஞ்சுக்காரர் மூக்கொலியாய்க் கரைத்துவிடுவர்; நம் எழுத்துக்கு எட்டியது இவ்வளவே.) ஜெட் இயந்திர ஆராய்ச்சியிற் பழகியவர். சில்லில்லாத புகையிரதம் ஒன்றை அவர் எண்ணினார். வண்டியின் அடியிலே காற்றை அழுத்தி ஊதினால் வண்டி தரையினின்றும் மயிரிழைபோற் சற்றே மேலெழும். எழுந்தபின் உராய்வில்லை. பின்னிருந்து தள்ளுவதற்கு ஒரு விசை, நெறி தவறாமற் பிடிப்பதற்கு நடுவே ஒரு சுவர், வேண்டுவன இவையே. 'ஏரோட்ரெயின்' என்று பெயரிட்டார். 1965 இறுதியிலே பாதியளவான மாதிரி வண்டி ஓடியது. 1969 சனவரியில் இரண்டாம் மாதிரி மணிக்கு 422 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. அரசு பணங் கொடுத்தது. ஒர்லியோனுக்கு வடக்கே 18 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாதை எழுந்தது. எண்பது பேர் இருக்கத்தக்க பெரிய வண்டி அதன்மேல் ஓடி, 1974 மார்ச் 5ஆந் திகதி மணிக்கு 430 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அந்த வேகத்திற் சென்றால் 18 கிலோமீற்றரும் இரண்டரை நிமிடத்திற் கழிந்துவிடும்.

இதுவரை நற்கதை. 1974 யூன் 21இல், பாரிசின் ஓரத்து லா டிஃபான்சிலிருந்து செர்ஜி என்னும் புதுநகருக்கு இந்த வண்டியை ஓட்டுவதற்கு அரசோடு ஒப்பந்தங் கைச்சாத்தாயிற்று. யூலை 17இல் அந்த ஒப்பந்தம் நீக்கப்பட்டது. நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மாதமும் நிரம்பவில்லை. மறு ஆண்டு திசெம்பரிலே பெர்த்தன் ஐம்பத்தெட்டு வயதில் இறந்தார். 1977 இறுதியோடு வண்டி ஓட்டம் நின்றது. கொட்டகையிற் கிடந்த அந்தப் பெரிய வண்டி 1992இலே தீக்கிரையாயிற்று.

பிரெஞ்சு அரசை நான் மூடரென்று சொல்ல வரவில்லை. அவர் பக்கத்திலும் நியாயமுண்டு. அதை மறைத்து எழுதுதல் பொய்யெழுதுதலாகும். 1973இலே எண்ணெய் விலை ஏறிவிட்டது. ஜெட் இயந்திரமோ எண்ணெயைக் குடிப்பது, காதையும் செவிடாக்குவது. தூண்மேற் பாதைக்கு ஊர்தோறும் புதிய நிலமும் புதிய நிலையமும் வேண்டும். எதிரே நின்ற திட்டம் ரி.ஜி.வி. என்னும் விரைவுப் புகையிரதம். அது பழைய தண்டவாளத்தின் மேலேயே நகரின் நடுவிலுள்ள பழைய நிலையத்துக்குட் புகும், மின்சாரத்தில் ஓடும். பாரிஸ் முதல் லியோன் வரை அதற்குப் பாதை போடும் தீர்மானமும் அதே 1974 மார்ச்சிலேதான் பிறந்தது. 1981இல் ஓடத் தொடங்கியது. இரும்புச் சில்லின் காலம் முடிந்ததென்றார் பலர். 2007இலே அதே இரும்புச் சில்லு மணிக்கு 574.8 கிலோமீற்றர் ஓடிக் காட்டிற்று. தெரிவு சரியென்றே வைத்துக்கொள்வோம்.

ஆயினும் ஒன்று கேட்பேன். செர்ஜிப் பாதைக்கு எண்ணியது ஜெட் இயந்திரம் அன்று, மின்சார விசையே. அவ்வண்ணமாயின் எண்ணெயின்மேற் சொன்ன குற்றம் இதற்கு எவ்வாறு பொருந்தும்? குறை வேறாக இருந்திருக்கலாம். ஆனால் யூன் மாதத்தில் இல்லாத எந்தக் குறை யூலை மாதத்தில் முளைத்தது? ஆராய்ந்து மறுத்தவன் யூன் மாதத்திற் கைச்சாத்திட்டிரான். கைச்சாத்திட்டவன் யூலையிலே புதிதாக எதையும் ஆராய்ந்திருக்க நேரமில்லை. இதனை மறுத்தல் என்பதிலும், காணாது மறுத்தல் என்பதே பொருந்தும். அதியமான் காணாமற் கொடுத்தான். இவர்கள் காணாமற் பறித்தார்கள். புலவருக்காவது அதைச் சொல்லிப் பாட ஒரு பாட்டிருந்தது.

யப்பானைப் பார் என்று சிலர் உடனே சொல்வர். பார்ப்போம். தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே சின்கான்சென் என்னும் விரைவுப் பாதையை அமைத்த தலைமைப் பொறியியலாளர் சீமா இதேயோ. அவரை அழைத்து அப்பதவியில் இருத்திய புகையிரதத் தலைவர் சோகோ சின்சி. செலவு மதிப்பிட்டதற்கு ஏறக்குறைய இருமடங்காயிற்று. பழி வந்தது, 1963இல் இருவரும் பதவியினின்றும் விலகினர். 1964 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் வண்டி புறப்பட்டது. அந்த விழாவுக்குச் சீமாவுக்கு அழைப்பில்லை. தாம் ஆக்கிய வண்டி புறப்படுவதை அவர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்தார்.

பிரான்சிலே மனிதரும் ஆக்கமும் ஒருங்கே கைவிடப்பட்டனர். யப்பானிலே ஆக்கத்தை எடுத்துக்கொண்டு மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தினர். இவ்விரண்டில் எது கொடிது என்று வகுப்பிலே கேட்டேன். பெரும்பாலோர் முன்னதென்றனர். எனக்குப் பின்னது. கைவிட்டவனுக்கு நட்டமாவது உண்டு. எடுத்துக்கொண்டவனுக்கு அதுவும் இல்லை. ஆயின் யப்பான் பிற்பாடு திருந்தியதையும் சொல்லவேண்டும். 1969இலே தங்கள் விண்வெளி அபிவிருத்தி நிறுவனத்துக்கு முதல் தலைவராகச் சீமாவையே அழைத்தார்கள். 1994இற் பண்பாட்டு விருதும் அளித்தார்கள். அவர் 1998 வரை வாழ்ந்தார். நீண்ட ஆயுள் இல்லாவிடில் இதுவும் இல்லை.

ஆக்கியவன் கேட்பது பெரும்பாலும் பணமன்று. "கொண்டுவா, பார்ப்போம்" என்று ஒருவர் சொல்லவேண்டும். பார்த்தபின் "வேண்டாம், காரணம் இது" என்றாலும் அவன் தாங்கிக்கொள்வான். இதை அரசுகளுக்குச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி உண்டென்று ஒர்லியோனிலிருந்து திரும்பிய இரவு எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னோடு அன்று வந்தவர் பதினாறு வயதிலே தம் ஊர்க் கடற்றொழிலாளர் வாயிலிருந்து சொற்களைத் திரட்டினார். வலையின் உறுப்புகள், காற்றின் வகைகள், நீரோட்டத்தின் பெயர்கள் என்று ஒரு கொப்பி நிறைய எழுதி என்னிடந் தந்தார். நான் அப்பொழுது புதிதாக வந்த ஆசிரியன்; பரீட்சை நெருங்கியிருந்தது. முதற் பக்கத்தை மட்டும் புரட்டி, "நன்று, நன்று" என்றேன். அலுமாரியில் வைத்தேன். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது அலுமாரியும் போயிற்று, கொப்பியும் போயிற்று. அதிலிருந்த சொற்களுள் ஒன்றேனும் இன்று என் நினைவில் இல்லை.

அதைப் பற்றி அவர் அன்றுங் கேட்கவில்லை; வயல் நடுவே அந்தப் பாதையை எனக்குக் காட்டிக்கொண்டு வந்த புகையிரதத்திலுங் கேட்கவில்லை.