பங்குச் சாமியார்மீது ஏன் இந்த இளக்காரம்?

நண்பர் ஒருவர் வீட்டில், காப்பியோடு சேர்ந்து வந்தது இந்த வழக்கு.

"சபைச் சாமியார்கள்தான் ஸார் அசல். எங்கள் பங்குச் சாமியார் என்ன, மாசச் சம்பளக்காரர் மாதிரிதானே? அவர் பேரில் பாங்கிக் கணக்குக்கூட இருக்கலாமாம்!"

சொன்ன நண்பர் கத்தோலிக்கர். கேட்ட நான் அல்ல. ஆனாலும் சுருக்கென்றது. என் கதைகளிலும் நல்ல பாதிரியார் என்றால் ஏதாவதொரு சபையைச் சேர்ந்த மகா பண்டிதர். பங்குச் சாமியாரென்றால் உண்டியல் எண்ணுகிறவர். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நண்பர் சொன்ன சட்டம் என்னவோ வாஸ்தவம்தான். இயேசு சபையார், சலேசியர் போன்ற துறவிகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தால், சம்பளம் சபைக்குப் போய்விடும். மறைமாவட்டக் குரு பிரமசரியத்தை ஏற்கிறார். தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு இல்லை. தகப்பன் வைத்துப் போன நிலம் அவர் பேரில் இருக்கலாம்.

இருக்கட்டுமே! அவர் தம்மைத் துறவி என்று யாரிடம் சொன்னார்? குருத்துவம் வேறு, துறவறம் வேறு. குருப்பட்டமே பெறாத சகோதரர்கள் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் முழுத் துறவிகள். வார்த்தைப்பாடு கொடுக்காத பங்குச் சாமியார் முழுக் குரு. தபால்காரரைப் பார்த்து, 'நீர் ஏன் பட்டாளத்துக்காரர் மாதிரி இல்லை?' என்று கேட்பதில் என்ன நியாயம்?

பணத்தைத் தொடுகிற கையில் கறை படியும் என்பார்கள். படிந்த கைகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழ்மையை நேர்ந்துகொண்டவருக்குப் பின்னால் ஒரு மடம் இருக்கிறது. உடன் சாப்பிட நாலு சகோதரர்கள் இருக்கிறார்கள். கிராமத்துப் பங்குச் சாமியாரின் சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலி பெரும்பாலும் காலி. சபையார் பங்குகளை நடத்துவதும் உண்டுதான். ஆனால் தலைவர் சொன்னால், வேறு தேசத்துக்கே அவர்கள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். மறைமாவட்டக் குருவோ அந்தச் சீமையோடு கட்டப்பட்டவர். ஊர் மாறலாம், சீமை மாறுவது அபூர்வம்.

தமிழ் என்றவுடன் 1606ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரையும், 1747ல் மறைந்த வீரமாமுனிவரையும் சொல்கிறோம். இருவரும் இயேசு சபையார். அவர்கள் பெருமை குன்றாது. ஆனால் அந்தச் சபை வருஷந்தோறும் கடிதம் எழுதி அனுப்பிய சபை. சரித்திரம் அதைப் படித்தது. பங்குச் சாமியாரின் எழுத்தோ ஞானஸ்நானப் புத்தகத்தில் கிடக்கிறது. அதை யார் புரட்டுகிறார்கள்? 1773ல் பாப்பரசரே இயேசு சபையைக் கலைத்தார், மீண்டது 1814ல். அந்த 41 வருஷத்தில் தென்னாட்டின் பல ஊர்களில் பூசை வைத்தவர்கள் கோவாவிலிருந்து வந்த சுதேசக் குருக்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் சொல்வோமா?

பங்குக் குருக்களின் பாதுகாவலராக உரோமை வைத்திருப்பது பிரான்ஸில் ஆர்ஸ் என்ற சின்னக் கிராமத்தின் குரு வியான்னியை. 1818 முதல் 1859ல் இறக்கும்வரை அந்த ஓர் ஊர்தான். மடத்துக்கு ஓடிவிடும் ஆசை அவரையும் விடவில்லை. கிளம்பிப் போயும் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

இத்தனையையும் கொட்டிவிட்டு நண்பரைக் கேட்டேன்: "உங்கள் தகப்பனாருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்தவர் எந்தச் சபை?"

"அது... பங்குச் சாமிதான். நடுநிசி, நல்ல மழை. சைக்கிளில் வந்தார்" என்றார்.