பாலில் பூஞ்சை நஞ்சு: தீவனத்தைத் தொடாத சட்டம்

புது தில்லி: பால் கலப்படம் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் ஆகியவையே பேசப்படுகின்றன. ஆனால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்திய தேசிய ஆய்வு வேறோர் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. சோதிக்கப்பட்ட 6,432 மாதிரிகளில், உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு வரம்பை மீறியிருந்தவையோ 368.

இவற்றில் தமிழக மாதிரிகள் 88. மாநிலங்களில் இதுவே அதிக எண்ணிக்கை. சோதிக்கப்பட்டவை 551 என்பதால், விகிதத்தில் 187-க்கு 37 என்ற கேரளம் முந்துகிறது என வாதிடலாம். தலைநகர் தில்லியின் கணக்கு 262-க்கு 38. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஆறுதல் இல்லை.

இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. ஈரம் காயாமல் சேமிக்கப்படும் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை ஆகியவற்றில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் பி1-ஐ உண்டாக்குகிறது. உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கக் கடலை மீது தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பூஞ்சைக்கு மேலும் வசதி. தரம் பிரிக்கையில் கழிக்கப்படும் சொத்தைப் பருப்பு எண்ணெய் ஆலைக்குப் போகிறது. பிழிந்தபின் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பசுவின் கல்லீரலில் பி1, எம்1-ஆக மாறி, ஓரிரு நாள்களுக்குள் மடியில் இறங்குகிறது. காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் அது அழிவதில்லை. அஃப்ளாடாக்சின்களைப் புற்றுநோய்க் காரணிகளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாலையே முதன்மை உணவாகக் கொண்ட குழந்தைகள் விஷயத்தில் கவலை கூடுதல்.

தீர்வு புதிரானதன்று. அறுவடைக்குப் பின் விரைந்து உலர்த்துவது, காற்றோட்டமான கிடங்கு, தீவனத்தில் நஞ்சைப் பிடித்துவைக்கும் களிமண் வகைகளைச் சேர்ப்பது எனப் பல வழிகள் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாள்களிலேயே பால் தேறிவிடும்.

இடர்ப்பாடு சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், "உணவு" என்பதன் வரையறையிலிருந்து கால்நடைத் தீவனத்தை வெளிப்படையாக விலக்கியுள்ளது. பாலுக்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. (ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 0.05.) ஆனால், அந்த நஞ்சு புறப்படும் மூட்டையைச் சோதிக்க ஆணையத்துக்கு நேரடி அதிகாரம் இல்லை. வணிகத் தீவனங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு உட்பட வேண்டும் என 2019 இறுதியில் ஆணையம் உத்தரவிட்டது, சுற்றிவளைத்து மூக்கைத் தொடும் முயற்சியே. உள்ளூர்ச் செக்கில் சில்லறையாக வாங்கப்படும் புண்ணாக்கை அது எட்டுமா என்பது சந்தேகம்.

கால்நடைப் பராமரிப்பு மாநிலங்களின் பொறுப்பு என்ற விளக்கம் தில்லியில் எளிதில் கிடைக்கிறது. அது பாதி உண்மையே. அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியல், 33-ஆவது இனத்தில், புண்ணாக்கு உள்ளிட்ட கால்நடைத் தீவனத்தின் உற்பத்தியையும் வணிகத்தையும் பெயர் குறிப்பிட்டே சேர்த்துள்ளது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றத் தடை ஏதுமில்லை. அதுவரை, நிறத்தையும் வாசனையையும் பார்த்துப் புண்ணாக்கு வாங்கும் இரண்டு மாட்டுக்காரரிடமே முதல் சோதனை விடப்பட்டிருக்கிறது.