போர்ட்டை விடுவிக்கும் கட்டளை

பிறரது இணைப்பை எதிர்நோக்கியிருக்கும் நிரல் ஒவ்வொன்றற்கும் கணினியில் போர்ட் என்னும் எண்ணிட்ட துறையொன்று வேண்டும். 0 முதல் 65535 வரை எண்கள் உளவாயினும், ஒரு துறையில் சாதாரணமாய் ஒரு நிரலே அமர்தல் கூடும். பின்வந்த நிரல், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ளதெனக் கூறி நின்றுவிடும். இவ்விடையூற்றை நீக்கக் கில்-போர்ட் போன்ற கருவிகள் தோன்றியுள்ளன. துறையெண்ணைத் தட்டெழுதிய மாத்திரத்தில், ஆண்டு அமர்ந்திருப்பது எதுவாயினும் மாய்ந்துவிடும். மாணவரிடை இவற்றிற்குப் பெருமதிப்புண்டு. அம்மதிப்பு மிகையென்பதே எம் கருத்து.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நிரலை நிறுத்தற்குரிய சிக்னல்கள் பல. 15ஆம் எண்ணுடையது வேண்டுகோள் போன்றது; அதனைப் பெற்ற நிரல், எழுதிக்கொண்டிருந்ததை முடித்துக் கோப்பை மூடி விடைபெறலாம். 9ஆம் எண்ணுடையதோ நிரலின் செவிக்கே எட்டுவதில்லை. இயங்குதளமே அதனை வீழ்த்திவிடும். லினக்ஸிலுள்ள ஃபியூசர் என்னும் கருவியைக் கொல்லுமாறு ஏவின், வேறு எண் குறியாதவிடத்து அதுவும் 9ஐயே அனுப்பும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு, 9ஐக் கொண்டு நிறுத்துதல் நன்றன்றென எச்சரித்திருத்தல் வீணன்று.

நிற்க. சென்ற பருவத்தில் யாம் நிகண்டுச் சொற்களுக்கு அடைவொன்று தொகுத்து வந்தோம். ஒருநாள் மாலை 3000ஆம் துறை மறிக்கப்பட்டிருந்தது. மறித்தது யாதென நோக்காது கட்டளையை ஏவினோம்; துறை ஒழிந்தது. அங்கிருந்ததோ, எம் தோழர் வேறொரு சாளரத்தில் இயக்கிவைத்த எமது நிரலே! நிறுத்துங்கால் மட்டுமே கோப்பில் எழுதுமாறு அதனை அமைத்தவரும் யாமே. அப்பிற்பகல் முழுதும் அவர் பதிந்த சொற்கள் அழிந்தன. அவர் எம்மைக் கடிந்திலர். கடிந்திருப்பின் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

எல்எஸ்ஓஎஃப் என்னும் கருவியிடம் துறையெண்ணைக் கூறி வினவின், அமர்ந்திருக்கும் நிரலின் பெயரும் அதற்குரிய எண்ணும் தோன்றும். முதலில் 15ஐ அனுப்புக. சில நொடி பொறுத்தும் அசையாதாயின் 9. இதற்கு அரை நிமிடமும் ஆகாது. சில வேளை துறையில் நிரல் யாதுமே இராது. முடிந்துபோன இணைப்பின் எச்சம் லினக்ஸில் 60 நொடியளவு தங்கியிருத்தலும் உண்டு. அக்காலைக் கொல்லுதற்கு ஆளேது?

இத்தகைய கருவிகளை ஆக்குவோர், நிரலின் பெயரைக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே நிறுத்துமாறு அவற்றை அமைத்தல் வேண்டும். எம் நிரலையும் திருத்திவிட்டோம். இப்பொழுது ஒவ்வொரு சொல்லும் பதிந்தவுடனே கோப்பிலேறுகின்றது. அழிந்த சொற்களை மீட்டும் பதியும் பொறுப்பை யாமே ஏற்றோம். 'ப'கர வரிசை இன்னும் முடிந்தபாடில்லை.