வெறுப்பை முதலில் ஊட்டுவது யார்?

கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் ஓய்வூதியக்காரர்கள் பலர் இப்போதெல்லாம் அடிக்கடி சொல்வது இது: “பிள்ளைகளைச் செல்போன் கெடுத்துவிட்டது. அதில் வரும் வெறிப் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆகிறார்கள்.” எந்த நாட்டில் இனவெறிக் கொலை நடந்தாலும், எந்த ஊரில் சாதிக் கலவரம் என்றாலும் இதே தீர்ப்புதான். சௌகரியமான தீர்ப்பு. அதில் நமக்குப் பங்கே இல்லை அல்லவா?

நான் இதை ஏற்கவில்லை. வெறியன் பேசுவது எல்லாப் பிள்ளைகள் காதிலும்தான் விழுகிறது. சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள், சிலர் மயங்கி நிற்கிறார்கள். மயங்குகிறவனுக்கு அந்தப் பேச்சு புதிதல்ல; சின்ன வயதிலேயே கேட்டுப் பழகிய ராகம். பழக்கியவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள், ஊரில் மரியாதை உள்ளவர்கள், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள்.

பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன் என்பதால் பிரான்சிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். கோலுவாக்கள்தான் நம் மூதாதையர் என்று சொல்லிக் கொடுத்த பாடத்தை நினைத்து நம்மில் பலர் இன்றும் சிரிக்கிறோம். அது வெறும் வேடிக்கை. அதைவிடப் பெரிய பாடம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது.

1877-ல் ‘இரண்டு சிறுவர்களின் பிரான்ஸ் பயணம்’ என்று ஒரு பள்ளிப் புத்தகம் வந்தது. ஜி. புருனோ என்ற புனைபெயரில் ஒரு பெண்மணி எழுதியது. தந்தையை இழந்த அண்ணனும் தம்பியும் நாடு முழுவதும் சுற்றி வருவதுதான் கதை. நேர்மை, சிக்கனம், உழைப்பு, நாட்டுப்பற்று எல்லாம் அதில் உண்டு. பல பத்து லட்சம் பிரதிகள் விற்றது. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் அதிலே ஒரு பக்கத்தில் நான்கு மனித முகங்களின் படம் இருக்கிறது. உலகில் மனித இனங்கள் நான்கு, அவற்றுள் வெள்ளை இனமே மிகவும் முழுமையானது என்று ஆறு, மலை, தலைநகரம் சொல்லிக் கொடுக்கிற அதே அமைதியோடு சொல்லிக் கொடுக்கிறது. திட்டவில்லை, வெறுக்கச் சொல்லவில்லை. வரிசைப்படுத்தியதோடு சரி.

பிரான்சில் ஆரம்பக் கல்வியை 1881-ல் இலவசமாக்கி, 1882-ல் கட்டாயமாக்கி, மதச் சார்பற்றதாகவும் ஆக்கியவர் ஜூல் ஃபெர்ரி. ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த புண்ணியவான். அதே ஃபெர்ரிதான் 1885 ஜூலை 28 அன்று நாடாளுமன்றத்தில் நின்று, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்கள் மீது உரிமையும் கடமையும் உண்டு என்று வாதாடினார். “அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்று சாக்குச் சொல்ல வேண்டாம். இரண்டொரு நாளிலேயே கிளெமான்சோ அதே சபையில் எழுந்து பதில் கொடுத்தார். 1870 போரில் பிரான்ஸ் தோற்றதும் பிரெஞ்சுக்காரனே தாழ்ந்த இனம் என்று ஜெர்மன் பண்டிதர்கள் நிரூபித்துவிட்டார்களே, அதற்குப் பிறகு இந்தப் பேச்சைப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். ஆகவே தெரிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் கையில் போனது கிளெமான்சோவின் பேச்சல்ல, அந்த நான்கு முகப் படம்.

அந்தப் பட்டியலில் யூதர்கள் இல்லையே என்று கேட்கலாம். அலமாரியில் தட்டு அடித்து வைத்துவிட்டால் போதும், எந்தத் தட்டில் யாரை வைப்பது என்பதைப் பிறகு வருகிறவன் பார்த்துக்கொள்வான். 1886-ல் துருமோன் என்பவர் யூதர்களுக்கு எதிராக எழுதிய தடித்த புத்தகம் அமோகமாக விற்றது. 1894-ல் யூதரான கேப்டன் திரேஃபுஸ் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று ஒப்புக்கொள்ள 1906 ஆயிற்று.

பிறகு 1940. அந்த அக்டோபர் 3-ஆம் தேதி யூதர்களை அரசு வேலையிலிருந்து விலக்கிய சட்டத்தை ஜெர்மானியர் எழுதித் தரவில்லை. விஷி அரசு தன் கையாலேயே எழுதியது. அதே மாதம் பாரிஸ் பகுதியில் யூதர்களைக் கணக்கெடுக்க ஜெர்மானியர் உத்தரவிட, பிரெஞ்சுப் போலீஸ் தலைமையகம் ஏறத்தாழ 1,50,000 பேரைப் பதிவு செய்தது. பெயர் வாரியாக, விலாசம் வாரியாக, தொழில் வாரியாக, நாட்டுரிமை வாரியாகக் கார்டுகள் எழுதி அடுக்கினார்கள். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்தக் கார்டுகளை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிடிபட்டவர்கள் 13,000-க்கும் மேல். அதில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். கோப்பும் பதிவேடும் கார்டும்தான் என் பிழைப்பு. ஒரு கார்டு எழுத வெறுப்பு தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும். நல்ல கையெழுத்து போதும். மனிதர்கள் ரகம் ரகமாகப் பிறக்கிறார்கள் என்பது சின்ன வயதிலேயே மனதில் படிந்திருந்தால், அந்த ரகத்தை ஒரு கட்டத்துக்குள் எழுதும்போது கை நடுங்காது.

வளர்ப்புதான் எல்லாம் என்றால் எதிர்த்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நியாயமான கேள்வி. 1942 ஜூலையில் நான்சி நகரில் வெளிநாட்டவர் பிரிவுப் போலீஸ்காரர்கள் சிலர் முன்கூட்டியே எச்சரித்ததால், கைதாக வேண்டிய யூதர்களில் பெரும்பாலோர் தப்பித்தார்கள். அவர்களும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களே. வளர்ப்பு தலையெழுத்து அல்ல. மீறுகிறவர்கள் உண்டு, ஆனால் எங்கும் சிலரே.

ஒரு வட்டாரமே மீறிய இடமும் உண்டு. ல ஷம்போன் என்ற மலைக் கிராமத்திலும் அதைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான அகதிகளை, முக்கியமாக யூதர்களை, குடியானவர்கள் ஒளித்து வைத்தார்கள். பாதிரியார் துரோக்மே முன்னே நின்றார். அங்கே பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டுகள். 1685-ல் பதினான்காம் லூயி அவர்கள் மதத்தைத் தடை செய்தபோது முன்னோர்கள் எப்படி ஒளிந்தார்கள், யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்ற கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். கதவு தட்டப்பட்டால் திறக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவும் வளர்ப்புதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று நகர முடியாது. நம் ஊரையே வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் சம்பா கோவிலுக்குள் சாதிக்காரர்களையும் சேரிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரை வேண்டியது வெள்ளைக்காரனா? அது நம் சாதி. அந்தச் சுவரைப் பற்றியும் அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் சிலர் அன்னாமியர்களைப் பற்றிப் பேசும் தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட வரிசையை அவர்கள் மறுக்கவில்லை. அதில் தங்களுக்கு இரண்டாம் இடம் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

செல்போனில் பேசுகிற வெறியன் அறுவடைக்கு வருகிறவன். நாற்று நடுவது வீட்டில். வேலைக்கு வருகிற அம்மாளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைப்பதைப் பிள்ளை பார்க்கிறது. “கறுப்பாப் பொறந்துட்டாளே” என்ற பெருமூச்சைக் கேட்கிறது. “அவங்க அப்படித்தான்” என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கிறோம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிள்ளைக்கு வரிசை மட்டும் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரனோ பேத்தியோ ஒரு சிநேகிதனை வீட்டுக்கு அழைத்து வந்தால், “எந்தத் தெரு தம்பி? அப்பா பேர் என்ன?” என்று ஆரம்பிக்கிறோம். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறோம் என்பது நமக்கும் தெரியும், வந்த பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் நிற்கிற நம் பேரனுக்கும் தெரியும். அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். “சாப்பிட்டியாப்பா?” என்று கேளுங்கள். செல்போனைத் திட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.