பட்டமா, தொழிலா? கணினி விளையாட்டுத்துறை பற்றிய ஒரு போலி வினா

கணினி விளையாட்டுக்களை ஆக்கும் தொழிலிற் புக விரும்பும் இளைஞர்முன் ஒரு வினா ஓயாது வைக்கப்படுகின்றது: மேற்படிப்பா, வேலையா? பட்டம் பெறாதோர் இத்துறையின் உச்சியை எய்திய வரலாறுகளை ஒரு சாரார் அடுக்குவர். இத்துறைக்கெனவே வகுக்கப்பட்ட கற்கைநெறியைப் பயிலாதார்க்குக் கதவு திறவாதென மறுசாரார் அச்சுறுத்துவர். இருசாராரும் எதிரெதிர் நிற்பவர்போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். தொழிலைக் கற்றுக்கொள்ளும் அந்த ஆண்டுகளில் அவ்விளைஞன் யாருடைய சோற்றை உண்பான், அவனது உழைப்பின் பயன் யாரைச் சேரும் என்பதை இருவருமே வினவுவதில்லை.

படிப்பைக் கைவிடுக என்போரின் முதற் சான்று அமெரிக்கரான ஜோன் காமக் ஆவார். மிசூரி–கன்சாஸ் சிற்றி பல்கலைக்கழகத்தில் இரு பருவங்கள் மாத்திரம் பயின்று வெளியேறியவர் அவர். 1991இல் தோழருடன் இட் சொப்ட்வெயர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்; 1993இல் டூம் வெளிவந்தது. இவை யாவும் உண்மையே. ஆயின் இக்கதையைச் சொல்வோர் இடையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றனர். பல்கலைக்கழகத்தை விட்ட காமக் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போட் நகரிலிருந்த சொப்ட்டிஸ்க் என்னும் நிறுவனத்திற் சேர்ந்தார். சந்தா செலுத்துவோருக்குக் குறித்த தவணைகளில் வட்டுக்களில் மென்பொருள் அனுப்பிய நிறுவனம் அது. சிறு விளையாட்டொன்றைத் தொடங்கி, தவணை தவறாது முடித்து, உடனேயே அடுத்ததைத் தொடங்குவது அங்கு அவரது பணி. அதற்குச் சம்பளமும் கிடைத்தது. அவர் பள்ளியை விடவில்லை. கட்டணம் அறவிடும் பள்ளியிலிருந்து சம்பளம் வழங்கும் பள்ளிக்கு மாறினார் என்பதே பொருந்தும். இன்றோ பெருநிறுவனமொன்றின் விளையாட்டினை நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் ஆக்குகின்றனர். அங்கு கடைநிலையிற் புகும் ஒருவர் முழு விளையாட்டொன்றைத் தாமே தொடங்கி முடிக்கும் பயிற்சியை எங்ஙனம் பெறுவார்? அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுக் காமக்கை உதாரணங் காட்டுவது நேர்மையன்று.

அன்றியும், இத்தொழிற்றுறை இளைஞரை எவ்வாறு நடத்தியுள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2004ஆம் ஆண்டின் இறுதியில், இலெக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி பெயர் குறியாது எழுதிய கடிதமொன்று பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வாரத்தின் ஏழு நாளும், மேலதிக நேரக் கொடுப்பனவு இன்றி, உடல் தளரும்வரை வேலை வாங்கப்பட்டமையை அது விவரித்தது. ஊழியர் தொடுத்த வழக்குகளில் அந்நிறுவனம் ஓவியக் கலைஞருக்கென 1 கோடியே 56 இலட்சம் டொலரும், அடுத்த ஆண்டு செய்நிரலாளருக்கென 1 கோடியே 49 இலட்சம் டொலரும் வழங்க இணங்கவேண்டியதாயிற்று. கூலியைக் குறைப்பதற்கு 'விருப்பம்' என்பதைப் போன்ற வசதியான சொல் வேறில்லை. விரும்பிச் செய்பவனுக்கு ஓய்வு எதற்கு, ஊதியம் எதற்கு? 2024 சனவரியில் மைக்ரோசொப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி தன் பிளேஸ்டேஷன் பிரிவில் ஏறத்தாழ 900 பேரையும் நீக்குவதாக அறிவித்தபோது, அவர்களது விருப்பத்தை எவரும் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை. இருபது வயதிற் படிப்பைத் துறந்து இத்துறையை மாத்திரம் நம்பியவர், இத்தகைய ஆட்குறைப்பின் பின்னர் எதனைக் கையிற் கொண்டு வெளியே வருவார்?

இனி, சிறப்புப் பட்டநெறியை விற்போரின் வாதம். அவர்களது சான்று வலிமையானது, அதனை மறுப்பதற்கில்லை. 1988இல் கனடாவின் வன்கூவரில் தொடங்கப்பட்டு, 1998இல் அமெரிக்காவின் ரெட்மண்ட் நகருக்கு மாறிய டிஜிபென் நிறுவனத்தின் மாணவர் சிலர் 'நார்பகியூலர் டிரொப்' என்றொரு விளையாட்டை ஆக்கினர். அதனைக் கண்ட வால்வ் நிறுவனம் அக்குழுவினரை வேலைக்கமர்த்தியது. 2007இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'போட்டல்' அதன் விளைவாகும். ஆயின் வால்வ் கண்டது சான்றிதழையன்று. முடிக்கப்பட்ட விளையாட்டையே கண்டது. ஒத்த மனமுடைய சிலரை ஓரிடத்திற் கூட்டி, தடையற்ற காலத்தையும் அளித்தமை அக்கல்விநிலையத்தின் உண்மையான கொடை. அக்கொடைக்கு அமெரிக்க மாணவர் பலர் கடன்பட்டு விலை கொடுக்கின்றனர் என்பதுதான் விளம்பரத்தில் இடம்பெறாத செய்தி. இடம்பெறுமென எதிர்பார்ப்பதும் பேதைமையே. கடனாளியாக வேலைக்குச் செல்பவர், நள்ளிரவுவரை வேலை வாங்கும் முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்லும் ஆற்றலை முன்னரே அடகு வைத்துவிட்டவர். ஒரு சாரார் விற்கும் பட்டம், மறுசாராருக்கு வேண்டிய பணிவுள்ள ஊழியரை இவ்வாறு தயாரித்துக் கொடுக்கின்றது.

இத்துறையைச் செழுமைப்படுத்தியோரிற் பலர் பிற துறைகளிலிருந்தே வந்தனர் என்பது இவ்விடத்து அழுத்திக் கூறத்தக்கது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றுகொண்டிருந்த ஜோர்டன் மெக்னர், மாணவராயிருந்த காலத்திலேயே 'கராட்டேக்கா' என்னும் விளையாட்டை ஆக்கி 1984இல் வெளியிட்டார். மனிதரின் அசைவைப் படம்பிடித்து, சட்டகம் சட்டகமாகப் பார்த்து வரைந்த அவரது முறை திரைப்படக் கலையிலிருந்து பெறப்பட்டது. 1989இல் வந்த 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா'வில் ஓடுவதும் தாவுவதும் அவருடைய தம்பியே. வில் ரைட்டின் 'சிம்சிற்றி', நகரங்களின் வளர்ச்சி பற்றி ஜே பொறெஸ்ரர் எழுதிய ஆய்வினாற் செழித்தது. 2019இல் வெளிவந்த 'டிஸ்கோ எலீசியம்' எஸ்தோனிய நாவலாசிரியர் ஒருவரின் கற்பனையில் உருவான உலகம். சமூகத்தையும் வரலாற்றையும் மொழியையும் கற்பது இத்துறைக்கு அந்நியமானதெனக் கருதும் பொறியியற்பீட நண்பர்களும், அவ்வாறே கருதித் தாமாக ஒதுங்கிக்கொள்ளும் கலைப்பீட மாணவரும் இவற்றைக் கவனித்தல் நன்று.

தனிமனித விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் எரிக் பரோனின் கதையிலும் சோற்றுப் பிரச்சினை மறைந்து கிடக்கின்றது. 2011இல் கணினி விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றும் வேலை கிடையாத அவர், நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக உழைத்து 2016இல் 'ஸ்டார்டியூ வெலி'யை வெளியிட்டார். அக்காலத்தில் அவர் அரங்கொன்றிற் பார்வையாளரை இருக்கைகளில் அமர்த்தும் பகுதிநேர வேலை செய்தார். துணைவியின் உழைப்பும் அவ்வீட்டைத் தாங்கியது. அத்தகைய தாங்குதல் வாய்க்காத குடும்பத்துப் பிள்ளைக்கு 'துணிந்து இறங்கு' என்று உபதேசிப்பது எவருக்கும் செலவில்லாத காரியம்.

இலங்கை மாணவருக்கு இவ்வினா அமெரிக்க மாணவருக்குள்ள வடிவில் எழுவதில்லை. 1940களில் நிலைபெற்ற இலவசக் கல்வியின் பயனாக, அரச பல்கலைக்கழகங்களின் முதற்பட்டத்துக்குப் போதனைக் கட்டணம் இல்லை. பொதுமக்கள் முன்கூட்டியே விலை செலுத்தி வாங்கிக் கொடுத்த காலம் அது. அதனைப் பாதியிற் கைவிட்டுக் கடைநிலைச் சம்பளமொன்றின் பின்னோடுவதும், அதை வைத்துக்கொண்டே காணியை ஈடுவைத்து இன்னொரு பட்டத்தை விலைக்கு வாங்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள். கருவிகளுக்கும் பணம் வேண்டியதில்லை. முப்பரிமாண உருக்களை ஆக்கும் பிளெண்டர் 2002 முதலும், விளையாட்டுக்களை ஆக்கும் கொடோ 2014 முதலும் மூலநிரலுடன் இலவசமாகவே கிடைக்கின்றன.

படிப்பும் ஆக்கமும் ஒருங்கே இயலாதென்பர் சிலர். பெருங்காவியம் படைக்க முனைபவருக்கு இயலாதுதான். ஆனால் 2009 முதல் உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் 'குளோபல் கேம் ஜாம்' நிகழ்வில் முன்பின் அறியாதவர்கள்கூட நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுள் சிறு விளையாட்டொன்றை ஆக்கி முடிக்கின்றனர். ஒரு பருவ விடுமுறை அதனினும் நீண்டது.

வீட்டு நிலைமை பொறுக்காதெனின் வேலைக்குச் செல்வதே முறை. அது விளையாட்டு நிறுவனமாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. மாலையில் வீடு திரும்பவிடும் எந்த மென்பொருள் வேலையும் போதும். ஒளியின் கணிதத்தையோ செயற்கை நுண்ணறிவையோ ஆழக் கற்க விழைவோர் புலமைப்பரிசில் கிடைக்குமாயின் மேற்படிப்பை நாடட்டும். ஏனையோர் பட்டமளிப்பு நாளன்று, முடிக்கப்பட்ட சிறு விளையாட்டுக்கள் மூன்றுடனேனும் வெளியேறுவாராயின், நேர்முகப் பரீட்சையில் அவர்கள் முதலிற் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: மாலை ஆறு மணிக்குப் பிந்திய நேரத்துக்குச் சம்பளம் யார் தருவார்?